அலையிடை வாழ்ந்த அறிஞர்

கரையில் நின்று காண்பார்க்குக் கடல் இன்பம் தருவது. அதன்மேல் திங்கட் கணக்கில் தங்கி வாழ்வார்க்கோ அஃது அத்துணை இனியதன்று. அலைகளின்மேல் கப்பல் ஏறியும் இறங்கியும் செல்லும்பொழுது, உடல் அசைகின்றது என்று உட்செவியிலுள்ள உறுப்பு மூளைக்கு அறிவிக்கின்றது. அறைக்குள் இருப்பவரின் கண்களோ, சுவரும் மேசையும் அசையாதிருப்பனவாகக் காட்டுகின்றன. இவ்விரண்டும் தம்முள் மாறுபடுவதனால் தலைச்சுற்றலும் குமட்டலும் வாந்தியும் உண்டாகின்றன. இதனைக் கடல் நோய் என்பர். பலர்க்கு இந்நோய் சில நாள்களில் நீங்கிவிடும். சிலர்க்கு எத்தனை ஆண்டு கழியினும் நீங்காது. அத்தகைய சிலருள் ஒருவராயிருந்தும், ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் கப்பலைத் தம் இல்லமாகக் கொண்டு உலகைச் சுற்றி வந்தவர் சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர்.

இவர் இங்கிலாந்து நாட்டில் ஷ்ரூஸ்பரி என்னும் நகரில் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். எட்டாண்டு நிரம்பிய இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் புகழ்பெற்ற மருத்துவர். தம்மைப் போன்றே மகனும் மருத்துவனாதல் வேண்டும் என்று விரும்பி, அவரை எடின்பரோ நகருக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் நிகழ்ந்த அறுவை மருத்துவத்தைக் காணப் பொறாத டார்வின், அக்கல்வியைக் கைவிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று பயின்றார். ஆண்டுத் தாவரநூற் பேராசிரியர் ஹென்ஸ்லோ அவருடைய ஆர்வத்தைக் கண்டு அன்பு பாராட்டினார்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அப்பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தென் அமெரிக்கக் கரைகளை அளந்து படம் வரைதற்குப் ‘பீகிள்’ என்னும் அரசாங்கக் கப்பல் புறப்படவிருந்தது. அதில் இயற்கை ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இடமுண்டு என்று அக்கடிதம் அறிவித்தது. ஊதியம் ஒன்றும் இல்லை. உணவுச் செலவையும் தாமே ஏற்றல் வேண்டும். தந்தையார் இதற்கு இசையவில்லை. டார்வினின் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட், அவர் கூறிய தடைகள் ஒவ்வொன்றிற்கும் தக்க விடை தந்து உடன்பாடு பெற்றுத் தந்தார். கப்பல் புறப்படும் நாளை எதிர்நோக்கித் துறைமுகத்தில் காத்திருந்தபொழுது டார்வினுக்கு நெஞ்சு படபடத்தது. தமக்கு இதயநோய் உண்டோ என அஞ்சினார். ஆயினும், மருத்துவர் தம்மைத் தடுத்துவிடுவரோ என்று எண்ணி, அதனை எவர்க்கும் உரைக்காமல் மறைத்துக்கொண்டார்.

பீகிள் பெரிய கப்பலன்று. அதன் நீளம் ஏறத்தாழத் 90 அடி. எழுபதுக்கும் மேற்பட்டோர் அதனுள் நெருக்கமாக வாழ்ந்தனர். கப்பலின் பின்புறத்தில் இருந்த சிற்றறையே டார்வினுக்குக் கிடைத்தது. மிதக்கும் கலத்தின் நடுப்பகுதியைக் காட்டிலும் முனைகளே மிகுதியாக ஏறி இறங்கும். ஆதலின் அவ்வறையில் ஆட்டம் மிகுதி. அறையின் பெரும்பகுதியைப் படம் வரையும் மேசை அடைத்துக்கொண்டிருந்தது. அம்மேசைக்கு மேலே ஏணை கட்டி டார்வின் உறங்கினார். நெடிய உருவம் வாய்ந்த அவருக்கு இடம் போதாமையால், ஓர் இழுப்பறையைக் கழற்றிய பின்னரே ஏணையின் கயிற்றைக் கட்ட இயன்றது.

டிசம்பர்த் திங்களில் இருமுறை புறப்பட்ட கப்பலை இருமுறையும் கடும்புயல் துறைக்கே திருப்பியனுப்பியது. இறுதியில் 27ஆம் நாள் அது கடலுட் சென்றது. பிஸ்கே விரிகுடாவின் பேரலைகள் டார்வினை வீழ்த்தின. பல நாள்கள் அவர் ஏணையிலேயே கிடந்தார். உலர்ந்த திராட்சையும் பிஸ்கோத்துமே அவர் வயிறு ஏற்ற உணவாயின. உடல் சிறிது தேறிய வேளைகளில், வெப்பநாட்டு இயற்கையழகை ஹம்போல்ட் என்னும் அறிஞர் வருணித்த நூலைப் படித்து உள்ளத்தை ஆற்றினார். அந்நூல் புகழ்ந்த டெனரீப் தீவைக் காண அவர் பெரிதும் ஏங்கியிருந்தார். தீவும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால், இங்கிலாந்தில் பரவிய வாந்திபேதியைக் கருதி, பன்னிரண்டு நாள் காத்திருந்தாலன்றி இறங்கலாகாது என்று அங்குள்ளோர் தடுத்தனர். கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் காத்திராமல் கலத்தைச் செலுத்திவிட்டார். நோயுற்று வாடியவர்க்கு அது பெரும் ஏமாற்றமாயிற்று.

ஆயினும் அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். சில நாள்களுக்குள் துணியால் ஒரு பை தைத்து, அதனைக் கப்பலின் பின்னே கட்டி இழுக்கச் செய்தார். கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் பல அதில் சிக்கின. அவற்றின் வடிவையும் நிறத்தையும் கண்டு வியந்து, குறிப்பெழுதினார். இனித் தம் நோயோடு எவ்வாறு வாழ்வது என்பதையும் அவர் கற்றுக்கொண்டார். மேசையருகே நின்று சிறிது நேரம் ஆராய்வார். தலை சுற்றத் தொடங்கியதும் அம்மேசைமீதே நீட்டிப் படுப்பார். சற்றுத் தெளிந்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அதே மேசையில் கப்பற்பணி செய்த ஸ்டோக்ஸ் என்பவர், இக்காட்சியைப் பன்முறை கண்டவர்.

1833ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 13ஆம் நாள், தென் அமெரிக்காவின் தென்கோடியாகிய ஹார்ன் முனையருகே பெருந்துன்பம் நேர்ந்தது. அடுத்தடுத்து மூன்று பேரலைகள் கப்பலைத் தாக்கின. கலம் ஒருபுறம் சாய்ந்து நீருள் அமிழ்ந்தது. படகு ஒன்று சிதைந்து போயிற்று. உட்புகுந்த நீர் வெளியேறியதும் கலம் மெல்ல நிமிர்ந்தது. உயிர் பிழைத்தனரேனும், டார்வின் அரிதிற் சேர்த்துலர்த்திய செடிகளுட் பல நனைந்து பாழாயின.

விரும்பியபொழுது ஊர் திரும்பும் உரிமையைக் கப்பல் தலைவர் முன்னரே அவருக்கு அளித்திருந்தார். உடனிருந்த ஓவியர் ஒருவர் உடல்நலம் குன்றி இடையில் விலகியும் சென்றார். டார்வினுக்கும் அவ்வழி திறந்தேயிருந்தது. அவர் அதனை நாடவில்லை. கப்பல் கரைகளை அளக்கும் காலமெல்லாம் அவர் நிலத்தில் இறங்கி, காடும் மலையும் சுற்றி ஆராய்ந்தார். பயணக் காலத்தில் ஏறத்தாழப் பதினெட்டுத் திங்களே கடலின்மேற் கழிந்தன. மூன்றாண்டுக்கு மேற்பட்ட காலம் நிலத்தின்மேல் கழிந்தது. 1835ஆம் ஆண்டு கலாபகோஸ் தீவுகளில் அவர் கண்ட உயிரினங்கள், பின்னாளில் அவர் சிந்தனையைப் பெரிதும் தூண்டின.

1836ஆம் ஆண்டு, வீடு நோக்கித் திரும்பும் வேளையில், அளவைகளைச் சரிபார்த்தற்பொருட்டுத் தலைவர் கப்பலை மீண்டும் பிரேசில் நாட்டிற்குச் செலுத்தினார். கடலின்மேல் தமக்கிருந்த வெறுப்பை அப்பொழுது டார்வின் தம் தமக்கைக்குக் கடிதத்தில் மறையாது எழுதினார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் கப்பல் இங்கிலாந்தை அடைந்தது. அதன்பின் அவர் தம் நாட்டை விட்டு வெளியே சென்றதேயில்லை. 1839இல் வெளிவந்த தம் பயண நூலின் முடிவில், கடல் நோயை ஒரு வாரத்தில் தீரும் சிறு துன்பமாக எண்ணலாகாது என்று பிறரை எச்சரித்தார். எனினும், நெடும்பயணம் மேற்கொள்ளுமாறு இளம் ஆராய்ச்சியாளரை அவர் ஊக்கவும் தவறவில்லை.

பயணத்தில் திரட்டிய செய்திகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்ந்து, 1859ஆம் ஆண்டு ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலை வெளியிட்டார். உயிர்நூற் கல்வியின் போக்கையே அது மாற்றியது. 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

டார்வின் கடல் நோயை வென்றாரல்லர். இறுதிவரை அது அவரை வருத்தியே வந்தது. ஆனால் அது நீங்கிய பின்னரே பணி செய்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை. தலை தெளிந்த சிறுபொழுதுகளையெல்லாம் தொகுத்துப் பெருஞ்செயல் முடித்தார். துன்பம் நீங்காதவிடத்தும் கடமை நீங்காமல் நிற்றலே ஊக்கமுடைமையாகும்.