விண்ணின் இரசாயனத்தைத் தேடிய சிரில் பொன்னம்பெரும

1871ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி முழுச் சூரிய கிரகணமொன்று இலங்கையின் வடகிழக்குக் கரையைக் கடந்து சென்றது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பிரித்தானிய ஆய்வாளர்கள் நிறமாலைக் கருவிகளுடன் காத்திருந்தனர். இவ்விரு நகரங்களுக்கும் இடையே அமைந்த குச்சவெளிக் கரையும் அன்று காலை இருளில் மூழ்கியது. சூரியனைச் சூழ்ந்த ஒளியைப் பகுத்து, அங்குள்ள பொருள்கள் எவையென அறிவதே அவர்களது நோக்கமாக இருந்தது. விண்பொருள்களின் அசைவை அளப்பதுடன் நின்றுவிடாது, அவை எவற்றால் ஆனவை என வினவிய அந்த மரபை ஒரு நூற்றாண்டின் பின்னர் வளர்த்தவர்களுள் இலங்கையர் ஒருவரும் இருந்தார். அவரே சிரில் பொன்னம்பெரும.

1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி காலியில் பிறந்த அவர், முதலில் நாடியது விஞ்ஞானத்தை அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று 1948இல் பட்டம் பெற்றார். உயிர் எவ்வாறு தோன்றியது என்ற மெய்யியல் வினாவே அவரை இரசாயனவியலுக்கு இட்டுச் சென்றது எனலாம். இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் ஜே.டி. பேர்னாலிடம் பயின்று 1959இல் இரண்டாவது பட்டத்தையும், கலிபோர்னியாவின் பேர்க்லியில் மெல்வின் கல்வினின் வழிகாட்டலில் 1962இல் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார்.

மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவையில் இலத்திரன் கதிர்களைச் செலுத்தியபோது, மரபணுப் பொருளின் கூறாகிய அடினீன் உருவாவதை அவரும் சக ஆய்வாளரும் 1963இல் வெளியிட்டனர். அதே ஆண்டு அவர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் இணைந்தார்.

அவரது குடுவையில் இருந்தவற்றுட் சிலவற்றை வானியலாளரும் விரைவில் விண்ணில் கண்டனர். மூலக்கூறுகள் பல தமது சக்திநிலை மாறும்போது தத்தமக்கே உரிய மீடிறன்களில் அலைகளை வெளியிடும். அந்த மீடிறன்களை ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே அளந்து வைத்தால், தொலைவிலுள்ள வாயு முகிலிலிருந்து வரும் வானொலி அலைகளை அவற்றுடன் ஒப்பிட்டுப் பொருளை இனங்காணலாம். இவ்வாறே 1968இல் அமோனியாவும் 1969இல் நீரும் விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் கண்டறியப்பட்டன. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் அறியப்பட்டுள்ளன. ஆய்வுகூட அளவீடு இல்லையேல், தொலைநோக்கியில் பதிவாகும் கோடுகள் வாசிக்க இயலாத எழுத்துகளாகவே எஞ்சியிருக்கும்.

1969இல் அப்பலோ 11 கொணர்ந்த சந்திர மண்ணை ஆராயும் பணியிலும் பொன்னம்பெருமவின் குழு ஈடுபட்டது. அம்மண்ணில் உயிரின் சுவடு கிட்டவில்லை. ஆயினும் சந்திரப் பாறைகளில் மிகுந்திருந்த இல்மனைற்றுக் கனியம் நமக்கு அந்நியமானதன்று. குச்சவெளிப் பிரதேசத்தின் புல்மோட்டைக் கரையில் கருமணலாகக் குவிந்து கிடப்பதும் அதுவே.

அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னுமிடத்தில் விண்கல்லொன்று விழுந்தது. விண்கற்களில் அமினோ அமிலங்கள் உள்ளன என்று முன்னரும் கூறப்பட்டதுண்டு. ஆனால் தொட்ட விரல்களின் வியர்வையிலிருந்து அவை ஒட்டியிருக்கலாம் என்ற ஐயத்தை எவராலும் நீக்க முடியவில்லை. சந்திர மண்ணுக்காகப் பேணப்பட்ட தூய்மையும் நுண்கருவிகளும் இங்கே கைகொடுத்தன. அமினோ அமிலங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இடக்கையும் வலக்கையும் போன்று இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்களிலுள்ள புரதங்கள் இடக்கை வடிவத்தையே கொண்டவை. மேர்ச்சிசன் கல்லிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. புரதங்களில் காணப்படாத வகைகளும் இருந்தன. ஆகவே அவை மனிதக் கைகளிலிருந்து வந்தவை அல்ல, விண்ணிலேயே உருவானவை. கீத் குவென்வோல்டன் முதலியோருடன் இணைந்து அவர் இம்முடிவை 1970 டிசெம்பரில் வெளியிட்டார்.

இதனால் உயிர் விண்ணிலிருந்து வந்தது என்று நிறுவப்பட்டுவிட்டதாகக் கருதுவது தவறாகும். செங்கல் கிடைத்தமை வேறு. வீடு எழுந்தமை வேறு. உயிரற்ற பொருளிலிருந்து உயிரை ஆக்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. அறிந்தவற்றுக்கும் அறியாதவற்றுக்கும் இடையே உள்ள எல்லையை மதிப்பதே விஞ்ஞானத்தின் நேர்மை. இறைநம்பிக்கை கொண்டோரும் அஞ்சாது பயிலக்கூடிய துறை இதுவென்பதை இந்நேர்மையே உணர்த்துகின்றது.

1971இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், தாயகத்தை மறந்தாரில்லை. 1984இல் ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகவும் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் பொறுப்பேற்றார். பாகிஸ்தானியப் பௌதிகவியலாளர் அப்துஸ் ஸலாம் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1964இல் நிறுவிய நிலையத்தில், இரசாயனக் கூர்ப்புப் பற்றிய மாநாட்டை 1992இல் நடத்தினார். வளர்முக நாடுகளின் இளைஞரும் முதல்தர ஆய்வில் ஈடுபட முடியும் என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கையாகும். 1994 டிசெம்பர் 20ஆம் திகதி, தமது 71ஆவது வயதில் பொன்னம்பெரும காலமானார்.

பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவரப்பட்ட மாதிரியில், பூமியின் உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருப்பது 2025இல் வெளியிடப்பட்டது. அங்கும் இடக்கை, வலக்கைச் சமநிலையே சான்றாக நின்றது. குச்சவெளி, புல்மோட்டை போன்ற கரையோரங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்க்கு இரசாயனவியல் பரீட்சைப் புள்ளிக்குரிய பாடமாக மட்டும் சுருங்கிவிடலாகாது. காலடிக் கருமணலையும் தலைக்கு மேலுள்ள வானையும் ஒருசேர வாசிக்கும் எழுத்தறிவு அது. அதைப் பயிலத் தக்க ஆய்வுகூடமும் ஆசிரியரும் அவர்களுக்குக் கிட்டச் செய்வதே அவ்வறிஞருக்கு நாம் ஆற்றக்கூடிய மெய்யான அஞ்சலியாகும்.