அரத்துக்கு ஓய்வு தந்த நாஸ்மித்



சைக்கிள் நட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆறு பக்கமும் ஒரே அளவு! முன்பெல்லாம் அரத்தால் அராவித்தான் அதைச் செய்தார்கள். கை தவறினால் கோணல்தான்.

ஜேம்ஸ் நாஸ்மித் 1808-இல் எடின்பரோவில் ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே நீராவி இயந்திர மாதிரிகள் செய்தார். 1829-இல் அவற்றில் ஒன்றோடு லண்டன் போய், மாட்ஸ்லேயின் பட்டறை வாசலில் நின்றார். பழகுநர்களைச் சேர்க்காத மாட்ஸ்லே, அந்தக் கைவேலையைக் கண்டதும் சேர்த்துக்கொண்டார். வாரச் சம்பளம் 10 ஷில்லிங்.

அங்கேதான் நட்டு சீவும் மில்லிங் மெஷினை அமைத்தார். பல் வைத்த சக்கரம் சுழன்று இரும்பைச் சீவும். ஒரு பக்கம் முடிந்ததும், நட்டை ஆறில் ஒரு பங்கு திருப்பிப் பூட்டணும், அவ்வளவுதான்! பின்னர் நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்று, 1890-இல் மறைந்தார்.

பெற்றோர்களே, பிள்ளை எதையாவது கழற்றிப் பூட்டினால் உடனே திட்டாதீங்க. மாணவர்களே, கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் கற்றுக்கொள்ளுங்கள்!