நாயகனாக வந்து துணைப் பாத்திரங்களில் நிலைத்த திக்குறிச்சி சுகுமாரன் நாயர்

நெய்யாற்றின்கரை: கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, களியக்காவிளையில் தமிழகத்துக்குள் நுழைந்து மார்த்தாண்டத்தை அடைகிறது. அதனை அடுத்து, தாமிரபரணி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் திக்குறிச்சி. சிவராத்திரியையொட்டி நடைபெறும் சிவாலய ஓட்டத்தில் பக்தர்கள் வழிபடும் 12 கோயில்களில் இரண்டாவது கோயில் இங்கு உள்ளது. மலையாளத் திரையுலகின் தொடக்ககால நாயகர்களுள் ஒருவரான சுகுமாரன் நாயர், இவ்வூரின் பெயராலேயே அறியப்பட்டார்.

1916-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி அவர் பிறந்தபோது, இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆட்சியில் இருந்தது. கவிதையில் தொடங்கிய அவரது ஆர்வம் நாடகத்தின்பால் திரும்பியது. அவர் எழுதிய ‘ஸ்திரீ’ நாடகம் 1950-இல் திரைப்படமானபோது, அதன் வாயிலாகவே அவர் திரையில் அறிமுகமானார்.

மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் மலையாளப் படத் தயாரிப்பு மெதுவாகவே வளர்ந்தது. இந்நிலையில் 1951-இல் கே. வேம்பு இயக்கத்தில் வெளியான ‘ஜீவித நௌகா’ மாபெரும் வெற்றி பெற்றது. அதில் பி.எஸ். சரோஜாவுடன் நடித்த சுகுமாரன் நாயர் முன்னணி நாயகனாக உயர்ந்தார்.

மறு ஆண்டு ‘விசப்பின்றெ விளி’ படத்தில் அவருடன் அப்துல் காதர் என்ற இளைஞர் நடித்தார். அந்த இளைஞருக்குப் பிரேம் நசீர் என்ற திரைப்பெயரைச் சூட்டியவர் சுகுமாரன் நாயரே. சில ஆண்டுகளில் பிரேம் நசீரும் சத்யனும் மலையாளத் திரையின் முதன்மை நாயகர்களாயினர். நாயகனின் இடம் சுகுமாரன் நாயரின் கையை விட்டுப் போனது.

ஆயினும் அவர் திரையை விட்டு விலகவில்லை. 1953-இல் ‘சரியோ தெற்றோ’ படத்தின் வாயிலாக இயக்குநரானார். பின்னர் தந்தை, குடும்பத் தலைவர், ஊர்ப் பெரியவர் எனத் துணைப் பாத்திரங்களை ஏற்றார். தாம் பெயர் சூட்டிய பிரேம் நசீர் நாயகனாக நடித்த ‘இருட்டின்றெ ஆத்மாவு’ (1967), ‘நதி’ (1969) ஆகிய படங்களிலும் அவர் துணை நடிகராகவே தோன்றினார். அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் திரைப்படமான ‘சுயம்வரம்’ (1972) படத்திலும் அவர் இடம்பெற்றார்.

இதற்கிடையே அவரது பிறந்த ஊர் மாநிலம் மாறியிருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. மலையாளத் திரையில் ஒலித்துவந்த திக்குறிச்சி என்னும் பெயர், அன்றுமுதல் தமிழக ஊர் ஒன்றின் பெயராயிற்று. அவர் அதனை மாற்றிக்கொள்ளவில்லை.

நாயகனாகப் புகழ்பெற்று இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவருக்கு உயரிய விருதுகள் கிடைத்தன. ‘மாயா’ படத்துக்காக 1972-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான கேரள மாநில விருது வழங்கப்பட்டது. 1973-இல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. மலையாளத் திரைப்பட முன்னோடி ஜே.சி. டேனியல் பெயரிலான வாழ்நாள் சாதனை விருதையும் அவர் பெற்றார்.

1997 மார்ச் 11-ஆம் தேதி அவர் காலமானார். அவரது திரைவாழ்வில் நாயகனாக நின்ற காலம் சில ஆண்டுகளே. எஞ்சிய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பிற நாயகர்களுக்குத் துணை நின்றவை.