பார்வையின் பாதையைக் கண்டறிந்த அறிஞர் இப்னுல் ஹைதம் (ரஹ்)

வல்ல அல்லாஹ் நமக்கு அருளிய நிஃமத்துகளில் கண் பார்வை மகத்தானது. நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதை ஆராய்ந்து, உலகத்தின் கருத்தையே திருத்திய ஓர் அறிஞரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க நாடுகிறோம்.

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் அவர்கள் ஹிஜ்ரி 354, கி.பி. 965 அளவில் இராக்கின் பஸரா நகரில் பிறந்தார்கள். கணிதத்திலும் வானியலிலும் அவர்களின் புகழ் பரவியது. நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழி உண்டு என்று அவர்கள் கருதுவதைக் கேள்வியுற்ற எகிப்தின் ஃபாத்திமிய்யா ஆட்சியாளர் அல்ஹாகிம், அவர்களைத் தம் நாட்டிற்கு வரவழைத்தார் என வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர். அஸ்வான் பகுதி வரை சென்று பார்த்த அவர்கள், வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் வியத்தகு கட்டடங்களைக் கண்டார்கள். இது ஆகக்கூடிய செயலாக இருந்திருப்பின் அம்மக்களே முடித்திருப்பர் என உணர்ந்து, இயலாது என்று திரும்பிவிட்டார்கள். ஆட்சியாளரின் சினத்திற்கு அஞ்சிச் சித்தம் கலங்கியவர்போல் நடித்து, 1021-இல் அவரது ஆட்சி முடியும் வரை வீட்டிலேயே அடைபட்டிருந்தார்கள் என்பதும் அவ்வாசிரியர்களின் கூற்றே. பின்னர் அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகில் தங்கி, யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களைப் படியெடுத்து விற்று, அவ்வருவாயில் எளிமையாக வாழ்ந்தார்கள். கி.பி. 1040 அளவில் கெய்ரோவில் வஃபாத்தானார்கள்.

அவர்களின் தலைசிறந்த படைப்பு ஏழு பாகங்களைக் கொண்ட ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலாகும். அதற்கு முன், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் எழுதியிருந்தனர். பெரியோர் சொன்னார்கள் என்பதற்காக இப்னுல் ஹைதம் அதனை ஏற்கவில்லை. சூரியனை நோக்கினால் கண் வலிக்கிறது. பேரொளியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் அதன் சாயல் சற்று நேரம் நிற்கிறது. எனவே ஒளியே வெளியிலிருந்து கண்ணுக்குள் வந்து செயல்படுகிறது என நிறுவினார்கள். இருட்டறையின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒன்றை மறைத்தால் சுவரில் அதற்குரிய ஒளி மட்டும் மறைவதைக் காட்டி, ஒளி நேர்கோட்டில் செல்வதையும் மெய்ப்பித்தார்கள்.

எனினும் ஒரு செய்தி அவர்களின் காலத்தில் தெளிவாகவில்லை. கண்ணின் பின்புறத்தில் வலை போன்ற ஓர் உறை இருப்பதை அன்றைய மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அரபியில் அதன் பெயர் ‘ஷபகிய்யா’. ‘ஷபகா’ என்றால் வலை. ஐரோப்பியர் வழங்கும் ‘ரெட்டினா’ என்ற பெயரும் வலை என்னும் பொருளிலிருந்தே வந்தது. தமிழில் நாம் விழித்திரை என்கிறோம். ஆயினும், பண்டைய மருத்துவர் காலனைப் பின்பற்றி, ஒளியை உணர்வது கண்ணின் வில்லையே என்று இப்னுல் ஹைதம் கருதினார்கள். அவர்களின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-இல் பாசல் நகரில் அச்சேறியது. அந்நூல் வழிவந்த கல்வியின் மீது நின்று, 1604-இல் கெப்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர், வில்லை ஒளியைக் குவிக்க, உருவம் தலைகீழாக விழித்திரையில் விழுகிறது என விளக்கினார். ஒருவர் தொடங்கியதை ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவர் நிறைவு செய்தார். இதனால் முன்னவரின் மதிப்பு குறைந்துவிடவில்லை. சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்ற அவர்களின் வழியே பின்னவருக்கும் வழியாயிற்று.

அவ்வழி இன்று நமக்கும் தேவைப்படுகிறது. விழித்திரை என்பது ஒளியை நரம்புக் குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்பும் மெல்லிய படலம். அதற்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. ஆகவே அது பழுதுபட்டாலும் பல வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை.

சர்க்கரை நோய் நீடிக்கும்போது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமடைந்து கசிகின்றன. தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். மங்கத் தொடங்கும்போது கேடு முற்றியிருக்கலாம். லேசர், கண்ணில் போடும் ஊசி, அறுவை ஆகியவை பெரும்பாலும் எஞ்சிய பார்வையைக் காக்கின்றன. இழந்தது முழுவதும் மீளும் என்பதற்கு உறுதியில்லை. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தால் நேர்கோடுகள் வளைந்து தோன்றும். எழுத்துகளின் நடுவே இருள் படியும். திடீரென மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள், எண்ணற்ற கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை தோன்றினால், விழித்திரை கிழிந்தோ விலகியோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாளை பார்க்கலாம் என்பது ஆபத்து.

சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதும் விழித்திரையை வலியின்றியே சுட்டுவிடும். கிரகணத்தின்போது சிறு துளை வழியே சூரியனின் பிறை வடிவம் விழுவதைப் பற்றி இப்னுல் ஹைதம் தனி நூலே எழுதியுள்ளார்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அட்டையில் இட்ட துளை வழியே விழும் உருவத்தை நிலத்தில் பார்ப்பதே அவர்களின் ஆய்வு நமக்குக் காட்டும் பாதுகாப்பான வழி.

நம் ஜமாஅத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், தமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நன்றாகத் தெரிகிறது என்பதும் சோதிக்கப்படாத ஒரு கருத்தே. கண்ணில் சொட்டு மருந்திட்டு, பாவையை விரித்து விழித்திரையைக் காணும் பரிசோதனையை, நோய் தெரிந்த உடனேயும் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்துகொள்ள வேண்டும். அன்று பார்வை சில மணி நேரம் மங்கும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உள்ள தாய்மார்களையும் மறவாமல் அழைத்துச் செல்லுங்கள். தமது உடல்நலத்தைக் கடைசியில் வைப்பது அவர்களின் வழக்கம்.

இப்னுல் ஹைதம் அவர்களின் நினைவாகச் சந்திரனிலுள்ள ஒரு பள்ளத்திற்கு அவர்களின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2015-ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியபோது, ‘கிதாபுல் மனாழிர்’ நூலின் ஆயிரம் ஆண்டும் நினைவுகூரப்பட்டது. அவர்கள் கற்பித்தபடி சோதித்தறிந்து நடப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. வல்ல அல்லாஹ் அவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக! நம் அனைவரின் பார்வையையும் இறுதி வரை காத்தருள்வானாக! ஆமீன்.