விடுபட்ட கவிதைகள்

விடுதலையைத் தேசத்தின் இலட்சியமாகப் பாடிய அமெரிக்கக் கவிஞர்களுள் குறிப்பிடத்தக்கவர் லாங்ஸ்டன் ஹியூஸ். மிசௌரி மாநிலத்தில் பிறந்த இந்தக் கறுப்பினக் கவிஞர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைத் தமது எழுத்தின் களமாக்கிக்கொண்டார். சமத்துவ வாக்குறுதியை நாடு இன்னும் நிறைவேற்றவில்லை என 1936-இல் பாடினார். அடிமைகளின் உழைப்பும் சேர்ந்தே தேசத்தை உருவாக்கியது என 1943-இல் எழுதினார். 1951-இல், ஒத்திவைக்கப்பட்ட கனவைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

அத்தகையவரை 1953-இல் செனட்டர் மெக்கார்த்தியின் குழு அழைத்து, முந்தைய இடதுசாரிக் கவிதைகளுக்காக விசாரித்தது. 1959-இல் வெளியான தேர்ந்தெடுத்த கவிதைகளின் தொகுப்பில் அவற்றை அவர் சேர்க்கவில்லை. 1967-இல் மறைந்தார்.

விடுதலையைப் பாடியவரே தம் கவிதைகளை ஒதுக்கிவைத்த காலம் அது. அக்கால விடுதலைக் கவிதைகளைத் தேடுவோர், தொகுப்பில் உள்ளவற்றோடு விடுபட்டவற்றையும் படித்தால்தான் உண்மை முழுமையாகப் புலப்படும்.