தன் இதயத்துக்குள் குழாய் விட்ட வைத்தியர்

வெள்ளவத்தையில் குடியிருப்பதால், வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வரும் உறவினர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவது என் வேலையாகிவிட்டது. நெஞ்சைத் திறக்காமல் தொடை நாடி வழியாகக் குழாய் செலுத்தி இதய வால்வு மாற்றும் சிகிச்சை இப்போது கொழும்பிலும் நடக்கிறது. அதற்கு ஏன் முதலில் இத்தனை ஸ்கான் என்று வயதானவர்கள் என்னைக் கேட்பார்கள். பதில் தேடிப் போன இடத்தில்தான் வேர்னர் போர்ஸ்மனின் கதை கிடைத்தது.

போர்ஸ்மன் 1904 ஆகஸ்ட் 29ஆம் திகதி பேர்ளினில் பிறந்தார். சட்டத்தரணியான தகப்பன் முதலாம் உலகப் போரில் இறந்துபோனார். தாயும் பாட்டியும் வளர்த்த ஒற்றைப் பிள்ளை அவர். போர் தகப்பனைக் கொண்டுபோன வீட்டில் ஒரு பிள்ளை எப்படிப் படித்து ஆளாகிறது என்பதை எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1929இல் மருத்துவப் படிப்பை முடித்து, பேர்ளினுக்கு அருகே எபர்ஸ்வால்ட நகரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இதயத்துக்குள் குழாய் விட்டால் ஆள் இறந்துவிடுவார் என்று வைத்தியர்கள் நம்பிய காலம் அது. கை நாளம் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை பாதுகாப்பாகக் கொண்டுபோகலாம் என்பது போர்ஸ்மனின் எண்ணம். பொறுப்பு வைத்தியர் அனுமதி மறுத்தார். போர்ஸ்மன் கேட்கவில்லை. உதவிக்கு வந்த தாதி கெர்டா டிட்சன், சோதனையைத் தன்மேல் செய்யும்படி சொன்னார். அவரைக் கட்டிலில் கட்டிவிட்டு, அவருக்குத் தெரியாமல் தன் இடது கை நாளத்தைத் திறந்து, சிறுநீர் சிகிச்சைக்குப் பயன்படும் குழாயை உள்ளே செலுத்தினார். பிறகு அவரை அவிழ்த்துவிட்டு, குழாய் கையில் இருந்தபடியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். அங்கே திரையைப் பார்த்துப் பார்த்து 65 சென்றிமீற்றர் வரை தள்ளினார். குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையில் நிற்பதைப் படம் காட்டியது.

அவர் துணிச்சலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எக்ஸ்ரே அறை. படம் இல்லாவிட்டால் அவர் சொன்னதை ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். குழாய் எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

படம் இருந்தும் அவருக்கு ஆதரவு கிடைக்கவில்லை. பேர்ளினின் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை நிலைக்கவில்லை. இதயத்தை விட்டுச் சிறுநீரகத் துறைக்குப் போனார். 1932இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராக இருந்து, அமெரிக்கர்களிடம் போர்க்கைதியானார். விடுதலையான பின்னரும் கட்சித் தொடர்பினால் சில காலம் தொழில் செய்யத் தடை இருந்தது. பிறகு வைத்தியரான மனைவியோடு கிராமத்தில் நோயாளர் பார்த்தார். 1950 முதல் பாட் குரோய்ஸ்னாக் நகரில் சிறுநீரக வைத்தியராக இருந்தார்.

அதற்குள் நியூயோர்க்கில் அந்திரே குர்னானும் டிக்கின்சன் றிச்சர்ட்சும் அவருடைய வழியை வளர்த்து, இதய நோயை அறியும் முறையாக்கிவிட்டார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. போர்ஸ்மன் 1979 யூன் 1ஆம் திகதி இறந்தார். அதே ஆண்டின் மருத்துவ நோபல், சி.ரி. ஸ்கானை உருவாக்கிய கொட்பிறி ஹவுன்ஸ்பீல்டுக்கும் அலன் கோமக்குக்கும் போனது.

குழாயும் ஸ்கானும் பிறகு ஒன்றுசேர்ந்தன. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிறிபியே, சுருங்கிய பெருநாடி வால்வுக்குள் குழாய் வழியாக முதன்முதலில் புதிய வால்வை வைத்தார். நெஞ்சைத் திறந்தால் வைத்தியர் வால்வின் வாயைக் கண்ணால் பார்த்து அளக்கலாம். குழாய் வழியில் அது முடியாது. வால்வின் வாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால் ஒரு பக்க அளவு மட்டும் போதாது. இதயத் துடிப்போடு இணைத்து எடுக்கும் சி.ரி. ஸ்கான் அதன் சுற்றளவையும் பரப்பையும் தருகிறது. புதிய வால்வு சிறிதானால் ஓரத்தால் இரத்தம் கசியும், அல்லது இடம் பெயரும். பெரிதானால் அந்த இடமே கிழியலாம். இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தொடை நாடி குழாய் போகும் அளவுக்கு அகலமா, சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது என்பதையும் அதே ஸ்கான் காட்டும். ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால்தான் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை.

இதையெல்லாம் நான் உறவினர்களுக்குச் சொல்வேன். நாசிக் கட்சியையும் சேர்த்தே சொல்வேன். 2007 யூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து எங்கள் சனத்தை பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது, வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஓர் அரசு ஒரு சனத்தை எப்படி நடத்தியது, அதோடு யார் சேர்ந்து நின்றார்கள் என்பது எங்களுக்குச் சின்ன விடயம் அல்ல. போர்ஸ்மன் திறந்த வழியால் இன்று யாரும் பிழைக்கலாம், எங்கள் ஆட்களும் பிழைக்கலாம். அதற்காக அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு படிந்த இடத்தை விட்டுவிட்டு வால்வுக்கு அளவெடுக்க முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கையையும் அப்படித்தான் முழுதாகப் பார்க்க வேண்டும்.