பூட்டிய கதவுகள்

1911 மார்ச் 25. நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. கதவு பூட்டியிருந்ததால் மாடியிலிருந்து குதித்த இளம்பெண்களைத் தெருவில் நின்று பார்த்தார் பிரான்சிஸ் பெர்கின்ஸ். இறந்தவர்கள் 146 பேர். அவர் வாழ்வின் திசையை அந்த மாலைப்பொழுதே தீர்மானித்தது.

பெருமந்தக் காலத்தில், 1933இல், ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறைச் செயலராகி, அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண்மணியானார். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் 1938இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் அவரது உழைப்பு பெரிது. ஆயினும், வயல்வேலை செய்தோரையும் வீட்டுவேலை செய்தோரையும் இரண்டு சட்டங்களும் விலக்கின. தென்மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்கு வாய்த்தவை அவ்வேலைகளே.

பொருளியல் வகுப்பில் இச்சட்டங்களைப் புகழ்ந்து கற்பித்த நான், அந்த விலக்கை ஓரிரு வரிகளில் கடந்துவிட்டேன், அது பிழை. பூட்டிய கதவைக் கண்டு பதறியவர் உருவாக்க உழைத்த சட்டங்களிலும் ஒரு கதவு பூட்டியே இருந்தது.